ரீச்சரிடம் கேளுங்கள்: தலைமயிர், குரக்கன் பிட்டு, பனையோலை

ஆடி பிறந்தும் சோளகக் காற்று அடங்கவில்லை. வட்டக்கச்சியில் எங்கள் விறாந்தையில் கடிதங்களை விரித்தால் ஒவ்வொன்றின் மேலும் ஒரு கல் வைக்க வேண்டியிருக்கிறது. இம்முறை வந்தவற்றில் பெரும்பாலானவை நாற்பதைத் தாண்டிய பெண்கள் எழுதியவை. அநேகமாக எல்லோருமே முதல் வரியில் மன்னிப்புக் கேட்கிறார்கள்: "சின்ன விஷயம்தான் ரீச்சர், குறை நினைக்காதீர்கள்." 31 ஆண்டுகள் மனையியல் படிப்பித்தவள் சொல்கிறேன், இவை சின்ன விஷயங்கள் அல்ல. ஒரு வீட்டுக்கே சோறு போடுகிறவளின் உடம்பையும் மனதையும் பற்றியவை. மன்னிப்புக் கேட்காமல் எழுதுங்கள்.

"எனக்கு 44 வயது. தை மாதம் டெங்குக் காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் இருந்தேன். சித்திரை தொடக்கம் தலைமயிர் கொத்துக் கொத்தாகப் போகிறது. தும்புத்தடி முழுக்க என் மயிர்தான். மூன்று வகை எண்ணெய் வாங்கிப் பூசிவிட்டேன். கிணற்றுத் தண்ணீர்தான் காரணம் என்று அயலில் சொல்கிறார்கள். மொட்டை அடித்தால் நன்றாக வளருமா? காலையில் எல்லோரையும் அனுப்பி, மாட்டையும் பார்த்து, நான் சாப்பிடப் பதினொரு மணியாகும். அதுவரை வெறுந்தேநீர்தான்."
வாசகி, அக்கராயன்

தங்கச்சி, மொட்டை அடிக்க வேண்டாம். மயிரின் வேர் தோலுக்குள்ளே இருக்கிறது. வெளியே கத்தரிப்பதும் மழிப்பதும் அந்த வேருக்குத் தெரியவே தெரியாது. அம்மனுக்கு நேர்த்தி வைத்திருந்தால் அது வேறு கதை, செய்யுங்கள். மயிர் அடர்த்தியாகும் என்று நம்பிச் செய்யாதீர்கள்.

நீங்கள் எழுதிய மாதங்களிலேயே பாதி விடை இருக்கிறது. கடும் காய்ச்சல், பிள்ளைப்பேறு, சத்திரசிகிச்சை, பெரிய துக்கம் என்று ஏதாவது வந்தால், மயிர் வளர்க்கும் வேலையை உடம்பு ஒத்திப்போடுகிறது. வளர்ந்துகொண்டிருந்த மயிரில் ஒரு பங்கு ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போய்விடும். அப்படி ஓய்ந்தது இரண்டு மூன்று மாதம் தோலில் தங்கியிருந்து, பிறகு சேர்ந்தாற்போல் உதிரும். தையில் காய்ச்சல், சித்திரையில் உதிர்வு. கணக்குச் சரியாக வருகிறது. காய்ச்சலைப் பலர் மறந்துவிடுவார்கள். நீங்கள் மறக்காமல் எழுதியது நல்லதாயிற்று. நோய் நொடி இல்லாத நாளிலேயே ஒருவருக்கு 50 முதல் 100 மயிர் வரை உதிரும். உங்களுக்கு அதைவிடக் கூடுதலாகப் போகிறது, ஆனால் வேர் சாகவில்லை. கண்ணாடியில் நெற்றியோரத்தைப் பாருங்கள். குட்டைக் குட்டையாகப் புதுமயிர் எழும்பியிருந்தால் அது திரும்பி வருகிறது என்று அர்த்தம். மயிர் மாதம் ஒரு சென்டிமீற்றர் அளவில்தான் வளரும். பின்னல் பழைய தடிப்புக்கு வர இரண்டு ஆண்டாவது செல்லும் என்று மனதை ஆயத்தப்படுத்திக்கொள்ளுங்கள்.

எண்ணெய்க்காக இனிமேல் காசு செலவழிக்காதீர்கள். தேங்காயெண்ணெய் மயிர்த்தண்டைக் காக்கும். தோயும்போது முறிவது குறையும். வேரிலிருந்து புது மயிரைக் கிளப்பும் சக்தி எந்த எண்ணெய்ப் போத்தலிலும் இல்லை, அதில் எத்தனை மூலிகைப் படம் போட்டிருந்தாலும்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது கடைசி இரண்டு வரி. பதினொரு மணிவரை வெறுந்தேநீர். இதை எழுதும்போது எனக்கு உங்கள் மேல் கோபம் வருகிறது, அக்கறையில் வருகிற கோபம். 44 வயதில் மாதவிடாய் இன்னும் வருகிறது. அதிகமாகப் போகிற வயதும் இதுதான். இரத்தம் போகிறது, இரும்புச்சத்துப் போகிறது. அதைத் திரும்ப ஊட்டுவது சாப்பாடு ஒன்றுதான். நீங்களோ வெறும் வயிற்றில் தேநீர் குடித்து, பிறகு சாப்பாட்டோடும் தேநீர் குடிக்கிறீர்கள் என்று நினைக்கிறேன், எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் அந்தப் பழக்கம் இருக்கிறது. தேயிலையின் துவர்ப்பு, கீரையிலும் பயறிலும் உள்ள இரும்பைப் பிடித்துவைத்துக்கொண்டு உடம்பில் சேரவிடாது. சாப்பாட்டோடு குடித்தால் சேர வேண்டியதில் பாதிக்கு மேல் வீணாகும். முருங்கையிலை வறை தின்று தேநீர் குடிப்பது, ஓட்டை வாளியில் தண்ணீர் அள்ளுவது போன்றது. தேநீரை விடச் சொல்லவில்லை. சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழித்துக் குடியுங்கள்.

தேநீர் தடுப்பதைத் தேசிக்காய் கொடுக்கிறது. புளிப்பான பழங்களில் இருக்கும் விட்டமின் சி, அதே இரும்பை உடம்பில் சேர்த்துவிடும். ஆனால் சூடு பட்டால் அந்த விட்டமின் கெடும். சொதியை இறக்கிவைத்த பிறகுதான் தேசிக்காய்ப்புளி விட வேண்டும் என்று என் அம்மா கையைத் தட்டிவிடுவார். கைக்கும் என்பது அவர் சொன்ன காரணம். மற்றக் காரணத்தை நான் பயிற்சிக் கலாசாலையில் படித்தேன். கீரை வறைக்கும் கௌப்பிக்கும் அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு தேசிக்காய் பிழியுங்கள். வளவில் கொய்யா இருந்தால் சாப்பாட்டுக்குப் பின் ஒன்று தின்னுங்கள். நெத்தலிக் குழம்பு, குளத்து ஜப்பான் மீன், மாதத்தில் இரண்டு தடவை கோழி ஈரல் என்று சேர்த்தால் நல்லது. மீனிலும் ஈரலிலும் இருக்கும் இரும்பு, கீரையில் இருப்பதைவிடச் சுலபமாகச் சேரும்.

இன்னொன்று. ஈரல் வாங்கினால் பிள்ளைகளுக்கும் அவருக்கும் வைத்துவிட்டுச் சட்டியை வழித்துத் தின்பீர்கள் என்று எனக்குத் தெரியும். நானும் அப்படித்தான் இருந்தேன். 1998இல் மல்லாவியில் இடம்பெயர்ந்து இருந்தபோது பாடம் நடத்திக்கொண்டே கரும்பலகையடியில் விழுந்தேன். ஈமோகுளோபின் 8 என்றார்கள். பெண்களுக்கு 12க்குக் குறையக் கூடாது. அன்றிலிருந்து என் பங்கை முதலில் கோப்பையில் போட்டு மூடி வைத்துவிட்டுத்தான் மற்றவர்களுக்குப் பரிமாறுகிறேன். வீட்டில் ஒருவரும் குறை சொன்னதில்லை. நீங்களும் நாளைக்கே அப்படிச் செய்யுங்கள். காலையில் இரண்டு கைப்பிடி பிட்டாவது தின்றுவிட்டு மாட்டடிக்குப் போங்கள்.

தண்ணீர் விஷயம் முழுப் பொய்யும் அல்ல. எங்கள் பக்கக் கிணறுகள் பலவற்றில் கல்சியம் கூட. கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படை பிடிக்கிறதே, அதேதான் தலையிலும் சவர்க்காரத்தோடு சேர்ந்து படிகிறது. மயிர் சொரசொரத்து, சிக்கு விழுந்து, சீவும்போது முறியும். வேரோடு உதிர்வது ஒன்று, இடையில் முறிவது இன்னொன்று. உதிர்ந்த மயிரின் ஒரு நுனியில் வெள்ளைப் பொட்டுப் போல இருந்தால் அது வேரிலிருந்து வந்தது. முறிவதற்கு மருந்து இலகு. கடைசியாக ஊற்றும் வாளித் தண்ணீரில் பாதித் தேசிக்காயைப் பிழிந்து அலசுங்கள். மாரியில் கூரைத் தண்ணீர் பிடித்து வைத்தால் அதைவிடச் சிறந்தது இல்லை.

கிழமையில் ஒரு நாள் சம்பூவை விட்டு அரப்பு வையுங்கள். நான் செய்வது இப்படி: சீயாக்காய் ஐந்து, ஒரு கைப்பிடி பாசிப்பயறு, ஒரு மேசைக்கரண்டி வெந்தயம், செவ்வரத்தம் இலை பத்து, பிழிந்த தேசிக்காயின் கோது இரண்டு. எல்லாவற்றையும் அவித்து, ஆறவிட்டு, அரைத்து, துணியில் வடித்துக்கொள்வேன். கண்ணில் படாமல் வைத்து முழுக வேண்டும். ஈரத்தலையைச் சீவாதீர்கள், ஈரத்தோடு இறுக்கிக் கொண்டையும் போடாதீர்கள்.

ஐப்பசி பிறந்தும் உதிர்வு அடங்காவிட்டாலோ, வட்டம் வட்டமாக வழுக்கை தெரிந்தாலோ, உடம்பு காரணமில்லாமல் பெருத்து எப்போதும் களைப்பாக இருந்தாலோ ஆஸ்பத்திரிக்குப் போய் இரத்தத்தையும் தைரொயிட்டையும் பார்க்கச் சொல்லுங்கள். இரும்புக் குளிசையை நீங்களாகவே கடையில் வாங்கிப் போடாதீர்கள். முதலில் சோதனை.

"அண்ணன் மகளுக்கு ஆவணியில் கல்யாணம். எனக்கு 47, முன்பக்கம் நன்றாக நரைத்துவிட்டது. சாயம் பூசலாமா, மருதோன்றி நல்லதா? கடையில் கறுப்பு மருதோன்றி என்று விற்கிறார்கள்."
வாசகி, புதுக்குடியிருப்பு

கறுப்பு மருதோன்றி என்று ஒரு செடி உலகத்தில் இல்லை. மருதோன்றி இலை எப்போதும் செம்மஞ்சள் நிறத்தைத்தான் கொடுக்கும். பத்து நிமிடத்தில் கறுப்பாக்குகிறது என்றால் அதற்குள் இரசாயனச் சாயம் கலந்திருக்கிறது. பெரும்பாலும் அது பீ.பீ.டி. என்று சுருக்கிச் சொல்லும் பராபீனைலீன்டையமீன். பலருக்கு அது ஒன்றும் செய்யாது. ஒவ்வாதவர்களுக்குச் செய்தால் பொல்லாதது. மகளின் கல்யாணத்துக்கு நான்கு நாள் இருக்கையில் அப்படி ஒரு பைக்கற்றைக் கரைத்துப் பூசினேன். மறுநாள் காலையில் இரண்டு கண்ணும் திறக்க முடியவில்லை. நெற்றி வீங்கி, காது ஓரம் நீர் வடிந்தது. அந்தக் கல்யாணப் படங்களில் நான் ஓரமாக, முக்காடு போட்டு நிற்கிறேன். மகளின் பக்கத்தில் நிற்க வேண்டிய நாள் அது. இன்றும் அந்த அல்பத்தைத் திறக்க எனக்கு மனம் வருவதில்லை.

ஆகவே எந்தச் சாயமானாலும் காதுக்குப் பின்னால் ஒரு பொட்டுத் தடவி 48 மணித்தியாலம் பாருங்கள். முன்பு ஒத்துக்கொண்ட சாயமும் ஒரு நாள் ஒவ்வாமல் போகலாம், ஒவ்வொரு முறையும் பாருங்கள். கல்யாணத்துக்கு இரண்டு கிழமை முன்பே செய்து முடியுங்கள்.

நேரம் இருந்தால் இலைதான் என் விருப்பம். காய்ந்த மருதோன்றித் தூளைத் தேசிக்காய்ச் சாறும் ஆறிய தேயிலைச் சாயமும் விட்டுக் குழைத்து இரவு வைத்து, காலையில் பூசி இரண்டு மூன்று மணித்தியாலம் விடுங்கள். நரை செம்பட்டையாகும். அது போதும் என்றால் அங்கேயே நிறுத்தலாம். கறுப்பு வேண்டுமானால் மறுநாள் நீலி இலைத் தூள், அவுரி என்றும் சொல்வார்கள், அதை வெறும் இளஞ்சூட்டு நீரில் குழைத்து, கால் மணித்தியாலத்துக்குள் பூசிவிட வேண்டும். அதற்குப் புளி சேர்க்கக் கூடாது. இரண்டு நாள் வேலை, ஆனால் முகம் முகமாக இருக்கும். நரையோடு போனாலும் அத்தை அத்தைதான் என்பதையும் சேர்த்துச் சொல்லிவைக்கிறேன். வெள்ளை மயிரில் மல்லிகை நன்றாகத் தெரியும்.

"சீனி வருத்தத்துக்கு நல்லது என்று குரக்கன் பிட்டு அவிக்கிறேன். ஒன்றில் களியாகிறது, இல்லாவிட்டால் மண் போல் உதிர்கிறது. வீட்டில் ஒருவரும் தின்கிறார்கள் இல்லை."
வாசகி, ஒட்டுசுட்டான்

கொதிநீர் விடுகிறீர்கள், அதுதான் களி. கோதுமை மாவுக்கும் குரக்கனுக்கும் கை வேறு. குரக்கன் மாவை மெல்லிய நெருப்பில் வாசம் வருமட்டும் வறுத்து, ஆறவிட்டு அரியுங்கள். மூன்று பங்கு குரக்கனுக்கு ஒரு பங்கு வறுத்த சிவப்பரிசி மா சேர்த்தால் மண் போல் உதிராது. உப்புக் கரைத்த ஆறிய நீரை ஊற்றாமல் விரலால் தெளித்துத் தெளித்துப் பிசறுங்கள். கையில் பிடித்தால் பிடிபட வேண்டும், விரலால் தட்டினால் உடைய வேண்டும். பேணியின் விளிம்பால் கொத்தி, தேங்காய்ப்பூவைக் கஞ்சத்தனம் பாராமல் கலந்து, பிட்டு அவிக்கிற ஓலை நீத்துப்பெட்டியில் அழுத்தாமல் போடுங்கள். அழுத்தினால் ஆவி ஏறாது. சம்பலோடு தராதீர்கள், தொண்டையை அடைக்கும். கத்தரிக்காய்க் குழம்போ மீன் குழம்போ வேண்டும்.

100 கிராம் குரக்கனில் கல்சியம் ஏறத்தாழ 350 மில்லிகிராம் இருக்கிறது, பசும்பாலில் உள்ளதைப் போல் இரு மடங்குக்கும் மேல். எலும்பு தேயும் வயதில் உள்ள எங்களுக்கு அது பெரிய சொத்து. ஆனால் சீனி வருத்தத்துக்கு அது மருந்து என்று நினைத்து மூன்று கோப்பை தின்றால், மாச்சத்து மாச்சத்துத்தான், சீனி ஏறும். அளவாக ஒரு கோப்பை, பக்கத்தில் கோப்பை நிறையக் கறி. வைத்தியர் தந்த குளிசையை நிறுத்திவிட்டுக் குரக்கனை நம்பியிருப்பவர்களை எனக்குத் தெரியும். கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன், அப்படிச் செய்யாதீர்கள்.

"நான் வயல் செய்கிறவன். மனைவிக்கு 49 வயது. ஒரு வருடமாக இரவில் எழும்பி விறாந்தையில் போய் இருக்கிறா. வேர்த்து நனைந்துவிடுகிறா, காற்றாடியைக் கூட்டச் சொல்கிறா, பிறகு குளிர்கிறது என்கிறா. சின்னதுக்கும் அழுகை, கோபம். மாதத் தீட்டும் ஒழுங்காக இல்லை. யாரோ செய்வினை செய்துவிட்டார்கள் என்று அம்மா சொல்கிறா. யாரிடம் காட்டுவது?"
பெயர் வேண்டாம், கனகராயன்குளம்

தம்பி, இந்தப் பகுதிக்கு எழுதிய ஆண்கள் மிகக் குறைவு. மனைவிக்காக எழுதியவர் நீங்கள். உங்கள் கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன்.

செய்வினையும் இல்லை, ஒன்றும் இல்லை. மாதவிடாய் நிற்கப்போகிற காலம் இது. பெரும்பாலான பெண்களுக்கு 45க்கும் 55க்கும் இடையில் இது வரும். சூலகத்தில் சுரக்கும் ஈஸ்திரஜன் ஏறி இறங்கிக் குறையும்போது, உடம்பின் சூட்டை அளந்து வைக்கிற மூளைப் பகுதி தடுமாறுகிறது. சூடு கூடிவிட்டது என்று தவறாக நினைத்து வேர்வையைத் திறந்துவிடுகிறது. நெஞ்சிலிருந்து முகத்துக்கு நெருப்பு ஏறுவது போல் இருக்கும். சில நிமிடத்தில் அடங்கி, நனைந்த சட்டையில் குளிரும். ஓர் இரவில் நான்கு தடவை இப்படி நடந்தால் மறுநாள் யாருக்குத்தான் கோபம் வராது? நித்திரை இல்லாத மனிதரின் கோபம் அது. உங்கள் மேல் உள்ள கோபம் அல்ல.

நீங்கள் செய்யக்கூடியதைச் சொல்கிறேன். நைலோன் கலந்த இரவுச் சட்டையை ஒதுக்கி மெல்லிய பருத்திச் சட்டை இரண்டு வாங்கிக் கொடுங்கள். பாயை யன்னல் பக்கம் போடுங்கள். ஒரு செம்புத் தண்ணீர் தலைமாட்டில் இருக்கட்டும். இரவில் உறைப்பும் தேநீரும் கோப்பியும் வேண்டாம், அவை சிலருக்கு வேர்வையைக் கூட்டும். இராச்சாப்பாட்டைக் கிழமையில் மூன்று நாளாவது நீங்கள் பொறுப்பெடுங்கள். சிறுபோகம் முடியும்வரை என்று நாள் தள்ள வேண்டாம். ஒரு சோறும் ஒரு பருப்பும் காய்ச்சத் தெரிந்தால் போதும். பின்னேரம் வாய்க்கால் கரையில் இருவரும் அரை மணித்தியாலம் நடந்தால் எலும்புக்கும் நல்லது, நித்திரைக்கும் நல்லது. அம்மாவிடமும் நீங்களே பேசுங்கள். அவரும் இதே வழியால் வந்தவர்தான், அந்தக் காலத்தில் அவருக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள்.

மனைவியை உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் பேசச் சொல்லுங்கள். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் 35 வயதைத் தாண்டிய பெண்களுக்கென்று கிளினிக் நடக்கிறது. பிரஷர், சீனி, மார்பகம், கருப்பைக் கழுத்து எல்லாம் பார்ப்பார்கள், காசில்லை. கருப்பைக் கழுத்துச் சோதனைக்கு 35 வயதிலும் 45 வயதிலும் கூப்பிடுவார்கள். அந்த முறைக்குப் போகாமல் விட்டிருந்தால் இப்போது கேட்டுச் செய்யட்டும். வேர்வை தாங்க முடியாவிட்டால் அதற்கு மருந்தும் உண்டு, எது பொருத்தம் என்று வைத்தியர் சொல்வார். ஒன்றை மட்டும் இருவரும் மனதில் எழுதிவையுங்கள்: மாதவிடாய் முற்றாக நின்று ஒரு வருடம் கழித்து மறுபடி ஒரு துளி இரத்தம் கண்டாலும், அதே கிழமையில் ஆஸ்பத்திரி.

"ஆகஸ்ட் 15 திருவிழாவுக்கு மடு மாதா கோயிலுக்குப் போய் மூன்று நாள் கூடாரம் அடித்துத் தங்கப்போகிறோம். என்ன சாப்பாடு கட்டிக்கொண்டு போகலாம்?"
வாசகி, வவுனியா

முதல் நாளுக்குப் புளி காய்ச்சி நல்லெண்ணெய் கூட விட்டுக் கட்டுச்சோறு. தேங்காய்ப்பால் சேர்த்த எதையும் கட்டாதீர்கள், ஆவணி வெயிலில் மத்தியானத்துக்குள் புளித்துவிடும். அடுத்த நாட்களுக்குத் தட்டை வடை, பயற்றம் பணியாரம், ஒரு டின் பொரிமா, சீனி. கொஞ்சம் மல்லியும் இஞ்சியும் எடுத்துப் போங்கள், காட்டுக் குளிரில் விடியப்புறம் மல்லித்தண்ணீர் குடித்தால் சுகமாக இருக்கும். கொதித்தாறிய தண்ணீரை வீட்டிலிருந்தே கலனில் கொண்டு போங்கள்.

"பாலைப்பழம் தின்றால் உதடு ஒட்டிக்கொள்கிறது. பிள்ளைகள் அழுகிறார்கள்."
வாசகி, முள்ளியவளை

தின்னும் முன் உதட்டில் ஒரு துளி தேங்காயெண்ணெய். ஒட்டிய பிறகும் அதே எண்ணெய்தான், தண்ணீர் போட்டுத் தேய்த்தால் இன்னும் ஒட்டும். நன்றாகக் கனிந்ததைத் தெரிந்து கொடுத்தால் பால் குறைவு.

"எனக்கு 53 வயது. மூத்தவன் கனடாவில், மகள் பல்கலைக்கழகத்தில். அவர் போய் ஆறு வருடம். பின்னேரம் நான்கு மணிக்குப் பிறகு வீடு விறைத்துக் கிடக்கிறது. தொலைக்காட்சி தொடர் பிடிக்கவில்லை. அம்மம்மா பெட்டி இழைக்கும்போது பக்கத்தில் இருந்திருக்கிறேன், கை கொஞ்சம் ஞாபகம் வைத்திருக்கிறது. இந்த வயதில் தொடங்கலாமா? கண்ணும் மங்கல்."
வாசகி, மல்லாவி

தொடங்குங்கள். கடிதத்தை மூடி வைத்துவிட்டு இன்றைக்கே தொடங்குங்கள் என்று சொல்வேன், ஆனால் ஓலை காய இரண்டு மூன்று நாள் வேண்டும்.

முதலில் கண். நாற்பதுக்குப் பிறகு கிட்டப் பார்வை மங்குவது எல்லோருக்கும் உள்ளது. கிளினிக்கில் கண்ணைக் காட்டி வாசிக்கிற கண்ணாடி ஒன்று எடுங்கள். கண்ணாடி இல்லாமல் இழைத்தால் கழுத்து நோகும், ஒரு கிழமையில் விட்டுவிடுவீர்கள். விறாந்தையில், வெளிச்சம் இடது தோள்பக்கம் விழுகிற மாதிரி இருங்கள். நிலத்தில் சப்பாணி கட்ட முழங்கால் விடாவிட்டால் பலகைக் கட்டையில் இருந்து மடியில் வைத்து இழைக்கலாம். அதில் ஒரு பிழையும் இல்லை.

ஓலைக்கு, மரம் ஏறுகிற ஒருவரைப் பிடித்து இளங்குருத்து வெட்டுவியுங்கள். ஒரு மரத்தில் ஒரு குருத்துக்கு மேல் எடுக்கவிடாதீர்கள். பனைக்கு உயிர் அந்த நடுக்குருத்தில்தான் இருக்கிறது. எங்கள் பகுதிப் பனைகளுக்கு இனியும் நோகக் கூடாது. போர் முடிந்து 2010இல் நாங்கள் வட்டக்கச்சிக்குத் திரும்பி வந்தபோது வளவில் மிஞ்சியிருந்தவை கிணறும், தலை அறுந்து நின்ற நான்கு பனைகளும்தான். பனை தலை அறுந்தால் மறுபடி துளிர்க்காது. கம்பம் போல் நிற்கும், பிறகு கிளி பொந்து வைக்கும். விதை போட்டுக் காய் காண 12, 15 வருடம் போகும் மரம் அது. அதனால்தான் இவ்வளவு கண்டிப்பாகச் சொல்கிறேன்.

வெட்டிய குருத்தை விரித்து, பகலில் வெயிலிலும் இரவில் பனியிலும் போடுங்கள். வெளுத்து வரும். மழை படக் கூடாது, பட்டால் கறுத்துவிடும். ஈர்க்கைக் கழற்றித் தனியாகக் கட்டி வையுங்கள், விளக்குமாற்றுக்கும் விளிம்புக்கும் உதவும். இழைக்கப் போகிற அன்று காலையில் தண்ணீர் தெளித்து, ஈரத்துணியில் சுற்றி வையுங்கள். காய்ந்த ஓலை முறியும், ஊறிப்போன ஓலை இழைத்த பிறகு சுருங்கி இடைவெளி விடும். எது பதம் என்பதை விரல்தான் கண்டுபிடிக்கும். பிறகு ஓலையைக் கீற்றுக் கீற்றாக வார வேண்டும். தொடக்கத்துக்கு அரை அங்குல அகலம். மெல்லியதாக வாருகிற ஆசை வரும், இப்போது வேண்டாம்.

முதலாவது தடுக்கு, ஒருவர் இருக்கிற அளவுச் சின்னப் பாய். ஒன்று மேலே, ஒன்று கீழே, அவ்வளவுதான். ஓலையைப் போட்டு ஒவ்வொரு தடவையும் நெருக்கித் தட்ட வேண்டும். அம்மம்மாவின் பக்கத்தில் இருந்தவர் நீங்கள், நான்காவது வரிசையில் கை தானாகவே நினைவுக்கு வந்துவிடும் என்று எனக்கு நம்பிக்கை. இரண்டு தடுக்குக்குப் பிறகு மூலை மடிக்கிற சின்னப் பெட்டி. அதற்குப் பிறகு குட்டான் என்கிற சின்ன ஓலைக் கூடை. நீத்துப்பெட்டி கூம்பாக ஒடுங்க வேண்டும், அதற்கு ஓலை குறைத்துக்கொண்டே போக வேண்டும், பார்த்துப் பழகாமல் வராது. உங்கள் ஊரில் எழுபது வயதுக்கு மேற்பட்ட அம்மாமார் இருந்தால் வெற்றிலையும் கொண்டு போய்ப் பக்கத்தில் இருங்கள். அவர்களுக்கும் பின்னேரம் நான்கு மணி வருகிறது. கடகம் என்கிற பெரிய ஓலைப் பெட்டி பொத்துவது அவர்களோடு போய்விடக் கூடாத கை. விற்கிற அளவுக்கு ஆசை வந்தால், 1978இல் தொடங்கிய பனை அபிவிருத்திச் சபை இருக்கிறது, விசாரியுங்கள். ஆனால் விலையை முதலே நினைக்க வேண்டாம்.

உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்கு 2009இல் இடம்பெயர்ந்து இருந்த செட்டிகுளம் முகாம் ஞாபகம் வந்தது. எங்கள் கூடாரத்துக்கு எதிரே ஓர் அம்மா இருந்தார். அறுபது வயது இருக்கும். வீட்டில் ஐந்து பேர் புறப்பட்டு, முகாமுக்கு வந்து சேர்ந்தது அவரும் ஒரு பேரப்பிள்ளையும். அங்கே பனையோலைக்கு எங்கே போவது? நிவாரணப் பொதிகளைக் கட்டி வரும் பிளாஸ்டிக் நாடாவை ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சேர்த்தார். வெயில் தணிந்ததும் கூடார வாசலில் இருந்து அதில் பெட்டி இழைத்தார். அவர் அழுது நான் கண்டதில்லை. இழைக்காமல் இருந்து கண்டதும் இல்லை. நாங்கள் நான்கைந்து பெண்கள் மெல்ல மெல்ல அவரைச் சுற்றி இருக்கத் தொடங்கினோம். என் முதற்பெட்டியை நான் இழைத்தது அந்த நீலமும் மஞ்சளுமான நாடாவில்தான். அப்போது எனக்கு நாற்பத்தாறு. இப்போது அதில் பூண்டு போட்டு வைத்திருக்கிறேன்.

முதல் தடுக்கு கோணலாகத்தான் வரும். எறிந்துவிடாதீர்கள். கிணற்றடித் திண்ணையில் போட்டு, வெள்ளிக்கிழமை முழுகிவிட்டு அதில் இருந்து தலை காயவையுங்கள். மாட்டுப்பொங்கலுக்குள் ஒரு குட்டான் முடித்துவிடுவீர்கள். மகள் விடுமுறைக்கு வரும்போது அவளையும் பக்கத்தில் இருத்துங்கள், ஓலை வார ஒரு கை கூட இருந்தால் வேலை சுறுக்காக நடக்கும்.